இனங்களுக்கு நடுவே நிற்பவர்: பல பண்பாட்டு மத்தியஸ்தர் பயிற்சி பற்றிய ஆய்வு

மத்தியஸ்தர் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் இல்லாதவர். நீதிபதிக்குச் சட்டம் அதிகாரம் தருகிறது. நடுவருக்கு இரு தரப்பும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் தருகிறது. பஞ்சாயத்துத் தலைவருக்கு ஊர் வழக்கமும் வயதும் தருகின்றன. மத்தியஸ்தரிடம் இவற்றில் எதுவும் கிடையாது. பிணங்கி நிற்கும் இருவர் பேசித் தாங்களே ஒரு முடிவுக்கு வரும்வரை அந்தப் பேச்சு கலையாமல் காப்பது ஒன்றே அவர் வேலை. இருவரும் ஒரே மொழி, ஒரே வழிபாடு, ஒரே உறவுமுறைக்குள் வாழ்பவர்களானால் இதற்கு ஊர்ப் பெரியவரின் அனுபவம் பெரும்பாலும் போதும். ஒருவர் மலாய்க்காரர், மற்றவர் தமிழர் என்றாலோ, ஒருவர் வங்காளதேசத்திலிருந்து வந்த தொழிலாளி என்றாலோ அது போதாது. மரியாதை, மன்னிப்பு, மௌனம் ஆகிய மூன்றுக்கும் இரு பக்கத்திலும் வேறு வேறு பொருள் இருக்கும். அந்த வேறுபாட்டை அறிந்து நடுவே நிற்க ஆட்களைப் பழக்குவதே பல பண்பாட்டு மத்தியஸ்தர் பயிற்சி. கடந்த அரை நூற்றாண்டில் இது பல நாடுகளிலும் தனித் துறையாக வளர்ந்திருக்கிறது.

வடசிலாங்கூர்த் தோட்டப்புறம் இத்துறையை ஆராய ஏற்ற களம். ஈஜோக், புக்கிட் ரோத்தான், ஜெராம், 2007 வரை பத்தாங் பெர்ஜுந்தை என்று வழங்கிய பெஸ்தாரி ஜெயா ஆகியவை ஒன்றுக்கொன்று சிறிது தூரத்தில் உள்ளவை. ஜாவானிய வழிவந்த மலாய்க் கம்பங்கள், சீனப் புதுக்கிராமங்கள், ரப்பர்க் காலத்தில் எழுந்த தமிழ்த் தோட்டங்கள் ஆகிய மூன்றும் இங்கே அடுத்தடுத்துக் கிடக்கின்றன. 2007 ஏப்ரல் 28இல் இடைத்தேர்தல் நடந்தபோது ஈஜோக் சட்டமன்றத் தொகுதியின் வாக்காளரில் ஏறக்குறையப் பாதிப் பேர் மலாய்க்காரர். மீதிப் பாதி இந்தியரும் சீனரும். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனை போன இடங்களில் பூச்சோங், சுபாங் போல வீடமைப்புத் திட்டங்கள் வருகின்றன. புஞ்சாக் ஆலாம் நகரமும் கோலாலம்பூரிலிருந்து கோலசிலாங்கூர் செல்லும் நெடுஞ்சாலையும் தோட்ட நிலத்தின் விலையையும் அங்கு குடியிருப்போரின் முகத்தையும் மாற்றிவிட்டன. கோயில் இருந்த இடம், சுடுகாட்டுப் பாதை, நாய் வளர்ப்பு, உறுமி மேளம், வீதியை அடைத்துப் போடும் விருந்துக் கொட்டகை என்று பூசலுக்கான காரணங்கள் அன்றாட வாழ்விலிருந்தே முளைக்கின்றன.

தோட்டத்தில் இருந்தவர்கள்

ரப்பர்த் தோட்டத்தில் வழக்குத் தீர்க்க ஆட்கள் இல்லாமல் இல்லை. லயத்து வீட்டுச் சண்டை, கைமாற்றுக் கடன், முறிந்த கல்யாணப் பேச்சு ஆகியவை கோயில் முன் கூடும் பஞ்சாயத்துக்குப் போயின. மலாயாத் தோட்டமொன்றில் தங்கி ஆய்ந்து 1970இல் நூல் வெளியிட்ட மானிடவியலர் ரவீந்திர ஜெயின் அந்தப் பஞ்சாயத்து முறையைப் பதிவு செய்திருக்கிறார். ஆனால் பஞ்சாயத்தின் அதிகாரம் தமிழருக்குள் முடிந்துவிட்டது. தொழிலாளிக்கும் வெள்ளைக்காரத் துரைக்கும் இடையில் எழுந்த மனக்குறை கங்காணி, தண்டல், கிராணி என்ற படிகளில் ஏறித்தான் மேலே போக வேண்டும்.

இந்தப் படிகளில் கிராணியின் இடம் தனியாகக் கவனிக்கத்தக்கது. தோட்ட எழுத்தரான அவர் ஆங்கிலம் படித்தவர்; பெரும்பாலும் மலையாளி அல்லது யாழ்ப்பாணத் தமிழர். துரையின் வழக்கமும் தெரியும், தொழிலாளியின் மொழியும் தெரியும். இரண்டு உலகத்தையும் அறிந்தவர் என்ற அளவில் இன்றைய பயிற்சி நூல்கள் தேடும் ஆள் அவரே. அவர் மொழிபெயர்த்தது தொழிலாளி சொன்னதையா, துரை கேட்க விரும்பியதையா என்று சரிபார்க்க மட்டும் யாரும் இல்லை. அவருக்குச் சம்பளம் ஒரு பக்கத்திலிருந்து வந்தது. துரைமாரும் தமிழ் கற்றார்கள். அவர்களுக்கென்றே கையேடுகள் அச்சாகின. அது கட்டளையிடக் கற்ற தமிழ். கேட்டுக்கொள்வதற்கு வேண்டிய சொற்கள் அதில் குறைவு.

வெளியிலிருந்து ஒரு மத்தியஸ்தரும் இருந்தார். 1922ஆம் ஆண்டின் இந்தியக் குடிபெயர்வுச் சட்டத்தின்படி இந்திய அரசின் ஏஜெண்டு ஒருவர் மலாயாவில் அமர்த்தப்பட்டார். தோட்டங்களைச் சுற்றிப் பார்த்து, மனக்குறை கேட்டு, தொழிலாளர் இலாகாவுக்கு எழுதுவது அவர் பணி. நிருவாகத்தைக் கட்டாயப்படுத்தும் அதிகாரம் அவருக்கு இல்லை. அவரது எல்லை எங்கே முடிகிறது என்பதை 1941 காட்டியது. ஆர். எச். நாதன் முன்னின்ற கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் கீழ் அவ்வாண்டு மார்ச்சில் கிளம்பிய வேலைநிறுத்தம் சிலாங்கூரின் பல தோட்டங்களுக்குப் பரவியது. சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி வேண்டும் என்பது ஒரு கோரிக்கை. துரையோ கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்பது இன்னொன்று. தோட்டத்துப் பெண்களிடம் முறைகேடாக நடப்பது நிற்க வேண்டும் என்பதும் பட்டியலில் இருந்தது. மே மாதம் நாதன் கைது செய்யப்பட்டார், படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் ஐந்து தொழிலாளர் இறந்தனர்.

மத்தியஸ்தம் கற்பவர் அந்தக் கோரிக்கைப் பட்டியலை இன்றும் படிக்க வேண்டும். கூலியைப் பேரம் பேசலாம். இரண்டு காசு கூட்டி, ஒரு காசு குறைத்து, நடுவில் ஓர் இடத்தில் நிற்கலாம். சைக்கிளிலிருந்து பாதி இறங்குவது என்று ஓர் உடன்பாடு இருக்க முடியாது. தன்மானம் பங்கு போடக்கூடிய பொருள் அல்ல. இவ்விரண்டையும் பிரித்தறியாத மத்தியஸ்தர் எத்தனை நுட்பம் கற்றிருந்தாலும் தோற்பார்.

போருக்குப் பின் 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் அமைந்தது. கூட்டு ஒப்பந்தமும், 1967ஆம் ஆண்டின் தொழிலியல் உறவுச் சட்டப்படி அரசு அதிகாரிகள் நடத்தும் இணக்கப் பேச்சும் கூலிப் பிரச்சினையைத் தோட்டத்துக்கு வெளியே கொண்டு சென்றன. பக்கத்துக் கம்பத்தோடு வரும் பூசலை அந்த அமைப்பு தொடவில்லை.

அரசு அமைத்த வழிகள்

1969 மே 13 கலவரத்தை அடுத்து ஒற்றுமைக்கென ஓர் அரசுத் துறையும், துங்கு அப்துல் ரஹ்மான் தலைமையில் நல்லெண்ண மன்றமும் உருவாயின. 1975இல் ருக்குன் தெத்தாங்கா என்ற அக்கம்பக்கக் காவல் அமைப்பு தொடங்கியது. முதலில் அது இரவு ரோந்துக்கானது. பிறகு கூட்டுப்பணி, விளையாட்டு, திருவிழா விருந்து என விரிந்தது. 2012ஆம் ஆண்டின் ருக்குன் தெத்தாங்கா சட்டம், தன் பகுதி மக்களிடையே எழும் பிணக்கை மத்தியஸ்தம் செய்வதையும் அதன் கடமைகளில் ஒன்றாக வைத்தது.

அந்தக் கடமையின் தேவை அதற்கு முன்பே, 2001 மார்ச்சில் பெட்டாலிங் ஜெயாவின் பழைய கிள்ளான் சாலை ஓரத்துக் கம்போங் மேடானில் வெளிப்பட்டது. அருகருகே ஒரு கல்யாண வீடும் ஒரு சாவு வீடும். அங்கே மூண்ட தகராறு நாள்கணக்கில் வளர்ந்து ஆறு உயிர்களைக் கொண்டுபோனது. அப்பகுதிக் குடியிருப்புகளில் தோட்டம் துண்டாடப்பட்டதால் வெளியேறி வந்த தமிழ்க் குடும்பங்கள் பல இருந்தன. தோட்டத்தில் அவர்களுக்கு ஒரு கோயிலும் ஒரு பஞ்சாயத்தும் இருந்தன, மண்டோர் என்ற மேற்பார்வையாளரும் இருந்தார். புறம்போக்குக் குடிசைக்கு வந்தபோது அவர்களோடு எதுவும் வரவில்லை. பக்கத்து வீட்டு மலாய்க்காரரிடம் யார் போய்ப் பேசுவது என்று தெரியாத நிலையே அந்தக் கலவரத்துக்கு முந்திய கலவரம். பத்தாண்டு முடிவதற்குள் அரசின் ஒற்றுமைத் துறை ருக்குன் தெத்தாங்கா செயற்குழுவினரிலிருந்து ஆட்களைத் தேர்ந்து சமூக மத்தியஸ்தர்களாகப் பயிற்றத் தொடங்கியது. இவர்கள் சம்பளமில்லாத் தொண்டர்கள்.

இதற்கு இணையாக நீதித்துறைப் பக்கத்திலும் வழிகள் திறந்தன. வழக்கறிஞர் மன்றம் 1999இல் மலேசிய மத்தியஸ்த மையத்தை நிறுவியது. சிலாங்கூர் ஷரியா நீதிமன்றங்கள் சூல் என்னும் இஸ்லாமியச் சமரச முறையை 2001ஆம் ஆண்டின் விதிகளால் ஒழுங்குபடுத்தின. 2012 ஆகஸ்டு 1இல் நடைமுறைக்கு வந்த மத்தியஸ்தச் சட்டம், பேச்சில் சொன்னது வெளியே போகக்கூடாது என்பதையும், எழுதிய உடன்பாடு இரு தரப்பையும் கட்டுப்படுத்தும் என்பதையும் உறுதி செய்தது. மத்தியஸ்தருக்குப் பயிற்சியோ அனுபவமோ இருக்க வேண்டும் என்கிறது சட்டம். அந்தப் பயிற்சியில் என்ன இருக்க வேண்டும் என்பதைப் பயிற்றும் அமைப்புகளிடம் விட்டுவிடுகிறது.

நாற்பது மணி நேர வகுப்பு

உலகெங்கும் மத்தியஸ்தர் பயிற்சிக்கு ஏறக்குறைய ஒரே அளவு நிலைத்துவிட்டது: நாற்பது மணி நேரம், அதாவது ஐந்து நாள். அக்கம்பக்கத் தொண்டர்களைப் பயிற்றும் முறைக்கு முன்னோடி 1976இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய சமூக மன்றங்கள். சிங்கப்பூர் 1997இல் தனிச் சட்டம் இயற்றி, மறு ஆண்டே முதல் சமூக மத்தியஸ்த மையத்தைத் திறந்தது. அங்கும் பணி செய்வோர் தொண்டர்களே. சென்னை உயர் நீதிமன்றத்தில் 2005 ஏப்ரலில் தொடங்கிய சமரச மையம் இந்தியாவில் நீதிமன்றத்தோடு இணைந்த முதல் மையம். இந்தியாவின் 2023ஆம் ஆண்டு மத்தியஸ்தச் சட்டம் ஒரு பகுதியின் அமைதியைப் பாதிக்கக்கூடிய பிணக்குகளுக்கு மூவர் கொண்ட சமூக மத்தியஸ்தக் குழுவுக்கு வகை செய்கிறது.

வகுப்பின் உள்ளடக்கமும் எங்கும் ஒத்திருக்கிறது. தொடக்க உரை, இரு தரப்பும் தத்தம் கதையைச் சொல்லுதல், பிரச்சினைகளைப் பிரித்தெடுத்தல், ஒவ்வொருவரையும் தனியே சந்தித்தல், வழிகளைத் தேடுதல், உடன்பாட்டை எழுதுதல் என்பது வரிசை. மாணவர்கள் ஆளுக்கொரு வேடம் ஏற்று ஒரு வழக்கை நடத்திப் பார்ப்பார்கள். பயிற்றுநர் பக்கத்தில் அமர்ந்து குறை சொல்வார். கடுஞ்சொல்லை மாற்றியுரைப்பது இதில் கற்பதற்கு அருமையான கலை. “கோயில் மேளம் காதைக் கிழிக்கிறது” என்று ஒருவர் கத்தினால், “பத்து மணிக்குமேல் உங்கள் வீட்டுக் குழந்தை தூங்க வேண்டும், அதுதானே கவலை?” என்று மத்தியஸ்தர் திருப்பிச் சொல்ல வேண்டும். மேளத்தை எதிர்த்த பேச்சு தூக்கத்தைப் பற்றிய பேச்சாக மாறிவிட்டால் இரண்டு வீட்டாரும் பேச ஏதோ ஒன்று கிடைக்கும்.

இந்தப் பாடத்திட்டத்தின் அடியில் ஒரு கற்பனை மனிதர் இருக்கிறார். முன்பின் தெரியாதவரிடம் தன் குறையை வாய்விட்டுச் சொல்லக்கூடியவர். எதிராளியின் முகத்தைப் பார்த்து மறுப்புத் தெரிவிக்கக்கூடியவர். குடும்பத்தைக் கேளாமல் தானே முடிவெடுக்கக்கூடியவர். வடசிலாங்கூரில் அப்படிப்பட்டவர் குறைவு. அமெரிக்க ஆய்வாளர் ஜான் பால் லெடராக் மத்திய அமெரிக்காவில் சமாதானப் பணி செய்தபோது இதே முரணைக் கண்டார். 1995இல் வெளியான நூலில் பயிற்சியை அவர் இரண்டாகப் பிரித்தார். ஒன்று, நிபுணர் வகுத்த முறையை ஊருக்குக் கொண்டுபோய்க் கற்பிப்பது. மற்றது, அந்த ஊரார் பூசலை ஏற்கனவே எப்படிப் பேசுகிறார்கள், எப்படி ஆற்றுகிறார்கள் என்பதை அவர்கள் வாயாலேயே வரவழைத்து, அதிலிருந்து முறையைக் கட்டுவது. தொடர்பே இல்லாத அந்நியரைவிட, இரு பக்கமும் அறிந்து நம்பும் உள்ளூர்க்காரரே பல சமூகங்களில் மத்தியஸ்தராக ஏற்கப்படுகிறார் என்பதையும் அவரும் சக ஆய்வாளர் பால் வேரும் எடுத்துக்காட்டினர். ஈஜோக் போன்ற இடத்துக்கு இரண்டாவது வழியே பொருந்தும். ஆனால் கிராணியின் கதையை மறக்கக்கூடாது. இரு பக்கமும் அறிந்தவர் என்பது மட்டும் தகுதியாகாது. இரு பக்கத்துக்கும் அவர் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்க வேண்டும்.

முகமும் சொல்லும்

பண்பாட்டு வேறுபாட்டைக் கற்பிக்கப் பல பயிற்றுநர்கள் அட்டவணைகளைப் பயன்படுத்துகிறார்கள். ஆய்வாளர் எட்வர்ட் ஹால் 1976இல், சொல்லாமலே உணர்த்தும் பண்பாடு, எல்லாவற்றையும் வெளிப்படச் சொல்லும் பண்பாடு என்று பிரித்தார். ஹோஃப்ஸ்டெட் என்ற ஆய்வாளர் வெளியிட்ட அளவீட்டில், மேல் கீழ் இடைவெளியை ஏற்கும் மனப்பாங்கில் மலேசியாவுக்கு 104 புள்ளி; பட்டியலின் உச்சி. இந்த எண்ணைக் கரும்பலகையில் எழுதிவிட்டு மேலே போவது தவறான பயிற்சி. அது ஒரு பன்னாட்டுக் கணினி நிறுவனத்தின் ஊழியர்களிடம் எடுத்த கணக்கு. அதில் தோட்டத் தொழிலாளி இல்லை. மலாய்க்காரர், தமிழர், சீனர் என்ற பிரிவும் இல்லை.

சொற்களிலிருந்து தொடங்கும் பயிற்சி அதைவிட ஆழமாகப் போகும். மானத்தைக் குறிக்க மலாயில் “ஆயிர் முக்கா” என்ற சொற்றொடர் உண்டு. சொல்லுக்குச் சொல் பார்த்தால் முகத்தின் நீர். அது விழுந்தால் மனிதர் விழுந்தார். சீனர் “மியென்ட்ஸி” என்பதும் முகமே. தமிழர் மானம் போயிற்று என்கிறார்கள், மூக்கறுபட்டது என்கிறார்கள். மூன்று மொழியிலும் இழப்பு முகத்தில்தான் நேர்கிறது. அதை மீட்கும் வழிதான் வேறு. மலாய்ச் சமூகத்தில் மன்னிப்பு வாய்விட்டுச் சொல்லப்படுவது. நோன்புப் பெருநாளன்று பெரியவர் சிறியவர் எல்லாரும் ஒருவருக்கொருவர் மன்னிப்புக் கேட்பது வழக்கமாகவே நிலைத்திருக்கிறது. சீன மரபில் தவறு செய்தவர் தேநீர் ஊற்றிக் கொடுத்தால் சொல்லே வேண்டாம். தோட்டத்துத் தமிழர் “மன்னிச்சிடுங்க” என்று எளிதில் சொல்வதில்லை. “மனசுல வெச்சுக்காதீங்க” என்பார், அல்லது அடுத்த வாரம் வீட்டு விசேஷத்துக்கு அழைப்பு வரும். அந்த அழைப்பே மன்னிப்பு. இதை அறியாத மத்தியஸ்தர், வாய்ச்சொல்லாக மன்னிப்பு வரவில்லை என்று பேச்சு முறிந்ததாக எழுதிவிடக்கூடும்.

விளிக்கும் சொல்லில் வரும் விபத்து இன்னும் நுட்பமானது. தோட்டத்துப் பெரியவர் பலர் பேசுவது பாசார் மலாய். அதில் முன்னிலைக்கு “லு”, தன்மைக்கு “குவா”. இரண்டும் ஹொக்கியன் சீனத்திலிருந்து வந்தவை. தமிழரும் சீனரும் கடைவீதியில் பேசிக்கொள்ளும்போது அதில் அவமதிப்பு எதுவும் இல்லை. கம்பத்து ஹாஜி ஒருவரை அதே “லு” போட்டு அழைத்தால் அவர் காதுக்கு அது அடிபோல விழும். சொன்னவருக்குத் தான் என்ன தவறு செய்தோம் என்பதே தெரியாது. அந்த நொடியைப் பிடித்து, “மரியாதையாகப் பாக்சிக் என்று சொல்ல நினைத்தார்” என்று இரு பக்கத்துக்கும் விளக்கத் தெரிந்தவரே இந்த மண்ணுக்கான மத்தியஸ்தர். மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் பேசிக்கொள்ள முடிகிறது என்பதாலேயே இங்கே பேச்சு சுலபம் என்று நம்புவது பெரும்பிழை. விலை பேசப் பிறந்த மொழியில் துக்கத்தைச் சொல்ல முடியாது. பேசுபவர் தாய்மொழிக்குத் திரும்பும் உரிமையைப் பயிற்சி வலியுறுத்த வேண்டும்.

இடம், நேரம், உணவு ஆகியவையும் பாடமே. கோயில் மண்டபமும் சூராவ் என்னும் தொழுகைக்கூடமும் பொது இடங்கள் அல்ல. பாலாய் ராயா என்னும் ஊர் மண்டபம் ஓரளவு பொது. வெள்ளிக்கிழமை நண்பகலிலும் மக்ரிப் என்னும் மாலைத் தொழுகை நேரத்திலும் கூட்டம் வைக்கக்கூடாது. இராகு காலத்தில் நல்ல பேச்சைத் தொடங்க மாட்டோம் என்பவர் எதிரில் இருக்கலாம். ஹலால், மாட்டிறைச்சி, பன்றி இறைச்சி மூன்றையும் நினைத்துத்தான் தட்டில் எதையும் வைக்க வேண்டும். இவை சிறிய காரியங்கள் என்று தோன்றும். ஒரு தரப்பு வாசலிலேயே திரும்பிப் போவதற்குப் பெரும்பாலும் இவையே காரணம்.

அறைக்கு வெளியே நின்றவர்கள்

சிலாங்கூர், கோலாலம்பூர் ஆகியவற்றின் அண்மைக் கால வரலாற்றில் மூன்று கோயில் வழக்குகள் பயிற்சி வகுப்புக்குரிய பாடங்கள். ஷா ஆலாம் செக்‌ஷன் 19இல் இருந்த மாரியம்மன் கோயிலைச் செக்‌ஷன் 23க்கு மாற்ற எடுத்த முடிவை எதிர்த்து 2009 ஆகஸ்டு 28இல் மாட்டுத்தலையோடு ஊர்வலம் நடந்தது. செப்டம்பர் 5இல் மாநில முதல்வரான மந்திரி புசார் காலிட் இப்ராகிம் குடியிருப்பாளரை மண்டபத்தில் கூட்டிப் பேசினார். அப்போது அவரே ஈஜோக் சட்டமன்ற உறுப்பினரும்கூட. நல்லெண்ணத்தோடு கூட்டிய அக்கூட்டம் கூச்சலில் கலைந்தது. காரணத்தை மத்தியஸ்தப் பாடநூலில் காணலாம். முகம் காக்க வேண்டியவர்களை நூற்றுக்கணக்கானோர் முன்னிலையில் பேச வைத்தால் யாராலும் ஒரு படி இறங்கி வர முடியாது. இத்தகைய பேச்சு தனித்தனிச் சந்திப்புகளில் தொடங்க வேண்டும். பெருங்கூட்டம் கடைசியில், முடிவை அறிவிக்க மட்டும்.

சுபாங் ஜெயாவின் சீஃபீல்டு மாரியம்மன் கோயில் தோட்டக் காலத்தது. நிலம் வீடமைப்பு நிறுவனத்தின் கைக்குப் போயிற்று. கோயில் நிருவாகம் இரு பிரிவாகப் பிளந்தது. 2014இல் ஷா ஆலாம் உயர் நீதிமன்றத்தில் நிறுவனம், இரு பிரிவினர், மாநில அரசு எல்லாரும் உடன்பட்ட தீர்ப்பு பதிவாயிற்று. சட்டப்படி பிணக்கு அன்றே முடிந்தது. பக்தர்கள் அதில் தரப்பினர் அல்லர். 2018 நவம்பர் 26 அதிகாலை அங்கே கலவரம் வெடித்தது. பணிக்கு வந்த தீயணைப்பு வீரர் முகமட் அடிப் படுகாயமுற்று டிசம்பர் 17இல் இறந்தார். நிலப் பிணக்காக இருந்தது, ஓர் இளைஞரின் உயிரோடு இனப் பிணக்காக நாடெங்கும் பேசப்பட்டது. 2025 மார்ச்சில் கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா பகுதியின் பத்ரகாளியம்மன் கோயில் விவகாரத்தில், அருகிலேயே மாற்று இடம் என்ற முடிவு வன்முறையின்றி எட்டப்பட்டது. ஆயினும் சமூக ஊடகத்தில் அதற்குள் எழுந்த கசப்பு சிறியதல்ல.

நாடுகளுக்கு இடையிலான மத்தியஸ்தத்திலும் இதே பாடம் பெரிய எழுத்தில் எழுதப்பட்டிருக்கிறது. பிலிப்பீன்ஸ் அரசுக்கும் மோரோ இஸ்லாமிய விடுதலை முன்னணிக்கும் இடையே மலேசியா இணக்கம் பேசி உருவாக்கிய நில உரிமை ஒப்பந்தம் 2008 ஆகஸ்டு 5இல் கோலாலம்பூரில் கையெழுத்தாக இருந்தது. முதல் நாள் பிலிப்பீன்ஸ் உச்ச நீதிமன்றம் அதைத் தடுத்தது. அக்டோபரில் அரசியலமைப்புக்கு முரண் என்றது. ஒப்பந்தம் தொடும் மிண்டனாவோ தீவின் மக்களைக் கலந்து பேசவில்லை என்பது முக்கியக் காரணங்களில் ஒன்று. இடையில் மூண்ட சண்டையில் இலட்சக்கணக்கானோர் வீடிழந்தனர். அதன் பின் அரசுகளும் தொண்டு அமைப்புகளும் சேர்ந்த தொடர்புக் குழு ஒன்று மத்தியஸ்தருக்குத் துணை நின்றது; கலந்தாய்வு விரிந்தது; 2014 மார்ச் 27இல் முழு உடன்பாடு கையெழுத்தானது.

இலங்கையில் நார்வே முன்னின்ற 2002 போர்நிறுத்தப் பேச்சில் முஸ்லிம்களுக்குத் தனித் தரப்பு என்ற இடம் கிடைக்கவில்லை. 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களின் குறை அந்த மேசையில் அரசுக் குழுவின் பகுதியாக மட்டுமே அமர்ந்தது. நார்வேயே தன் பணியை மதிப்பிடச் செய்து 2011இல் அறிக்கை வெளியிட்டது. தோல்வியை ஆராய்ந்து பொதுவில் வைக்கும் அந்தப் பழக்கம் மலேசியாவின் சமூக மத்தியஸ்தத்துக்கும் வேண்டும். ஐக்கிய நாடுகள் அவை 2012இல் வெளியிட்ட மத்தியஸ்த வழிகாட்டியும், தொடர்புடைய எல்லாரையும் உள்ளடக்குவதை அடிப்படைகளில் ஒன்றாக வைத்தது. பினாங்கின் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் மிண்டனாவோ, ஆச்சே, தென் தாய்லாந்து அனுபவங்களைக் கொண்டு அமைதிப் பயிற்சி நடத்திவந்திருக்கிறது. அந்த அறிவு பினாங்கிலிருந்து ஈஜோக் பாலாய் ராயாவுக்கு வர நெடுந்தூரம் இல்லை.

எல்லை கடந்த வணிகப் பிணக்குகளுக்கு 2019 ஆகஸ்டு 7இல் சிங்கப்பூரில் 46 நாடுகள் கையெழுத்திட்ட ஒப்பந்தம் இருக்கிறது. மலேசியாவும் இந்தியாவும் இலங்கையும் அவற்றுள் அடங்கும். அது நிறுவனங்களுக்கு உதவும். அக்கம்பக்கத்தாருக்கு அதனால் நேரடிப் பயன் இல்லை.

மத்தியஸ்தம் கூடாத இடம்

பயிற்சியில் அடிக்கடி விடுபடும் பாடம், எப்போது மறுப்பது என்பது. பெஸ்தாரி ஜெயாவை அடுத்த மேரி, நைகல் கார்டனர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மிஞ்ஞாக் தோட்டங்களின் 245 குடும்பங்கள் வீட்டுக்காக இருபதாண்டுக்கு மேல் போராடின. ஒரு பக்கம் பெருநிறுவனம். மறுபக்கம் வேலையும் குடியிருப்பும் ஒன்றாகப் போன குடும்பங்கள். இத்தகைய வழக்கை இரு சமமான தரப்புகளின் கருத்து வேறுபாடு என்று நடத்தினால் மத்தியஸ்தம் அநீதிக்குப் போர்வையாகிவிடும். கொடுக்காத கூலி, பிடித்துவைத்த கடப்பிதழ், வீட்டுக்குள் நடக்கும் அடிதடி ஆகியவற்றிலும் அப்படியே. அங்கே முதலில் வேண்டியது உரிமை. பேச்சு அதற்குப் பின்.

கடப்பிதழ் என்ற சொல் தற்காலத் தோட்டத்தை நினைவூட்டுகிறது. செம்பனைத் தோப்புகளில் இன்று குலை வெட்டுவோரில் பலர் இந்தோனேசியர், வங்காளதேசத்தவர், நேபாளியர். அவர்களை மேற்பார்க்கும் மண்டோர் பல இடங்களில் தமிழர். முன்பு துரையின் கட்டளைத் தமிழைக் கேட்டு நின்ற சமூகம், இன்று பாசார் மலாயில் கட்டளையிடும் இடத்தில் இருக்கிறது. தமிழ் மத்தியஸ்தரைப் பயிற்றும்போது இதை அவரிடம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். தன் சமூகம் பட்டதை மட்டும் அறிந்தவர் தன் சமூகம் செய்வதைக் காண மாட்டார்.

ஆள் தெரிவில் இலங்கையின் அனுபவம் பெரிதும் உதவும். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த மத்தியஸ்த சபைகள் நாடெங்கும் முன்னூறுக்கு மேல் இயங்குகின்றன. குறிப்பிட்ட தொகைக்கு உட்பட்ட வழக்குகள் நீதிமன்றம் போகுமுன் அங்கே வர வேண்டும். சமூக அமைப்புகள் பெயர் முன்மொழிகின்றன. பயிற்சியில் தேறியவரே அமர்த்தப்படுகிறார். ஒவ்வொரு வழக்கிலும் தரப்புக்கு ஒருவராகத் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்த இருவர் மூன்றாமவரைத் தேர்ந்து தலைவராக்குகிறார்கள். பல இன வழக்குக்கு இதைவிட எளிய ஏற்பாடு கிடைப்பது அரிது. தன் மொழி பேசும் ஒருவர் எதிரே இருக்கிறார் என்ற உறுதியோடு இரு தரப்பும் உட்கார முடிகிறது. மலேசியாவில் தனி மத்தியஸ்தருக்குப் பதிலாக இணை மத்தியஸ்தர் முறையைத் தோட்டப்புற வழக்குகளுக்கு விதியாக்குவது நன்று.

பெண்களின் இடமும் இதில் அடங்கும். குழாயடிச் சண்டை, நாய், குப்பை, பிள்ளைகளின் சச்சரவு ஆகியவற்றை முதலில் அறிபவர்களும் பெரும்பாலும் ஆற்றுபவர்களும் பெண்களே. அக்கம்பக்கத்து மலாய், சீனப் பெண்களோடு பள்ளி வாசலிலும் சந்தையிலும் பழகுபவர்களும் அவர்களே. குழுவில் பதவி வகிப்போரிலிருந்து மட்டும் ஆள் எடுத்தால் இவர்கள் விடுபடுவார்கள். பயிற்சி முடிந்த பின் தொடர்ந்து வழக்கு நடத்தாதவர் கற்றதை ஓராண்டில் மறந்துவிடுவார். ஆகவே மூத்தவர் பக்கத்தில் அமர்ந்து பார்க்கும் காலமும், மாதந்தோறும் வழக்குகளைப் பெயர் சொல்லாமல் பேசிப் பார்க்கும் கூட்டமும் ஐந்து நாள் வகுப்பைவிட முக்கியம்.

செம்பனைக் குலை வெட்டுபவர்களுக்கும் உதிரி பொறுக்கும் பெண்களுக்கும் நாட்கூலி அல்லது அளவுக்கேற்ற கூலி. ஐந்து நாள் வகுப்புக்கு வந்தால் ஐந்து நாள் வருமானம் போகும். ஈஜோக்கிலிருந்தும் அதைச் சுற்றிய தோட்டங்களிலிருந்தும் உண்மையான மத்தியஸ்தர்கள் உருவாக வேண்டுமானால், அந்த ஐந்து நாள் கூலியை அரசோ தோட்ட நிறுவனமோ கொடுத்தாக வேண்டும்.